சங்கத்தின் கடிதப் பெட்டி கம்பெனி மனையில் இருப்பதா?



நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு நூற்பாலை. பெயர் இங்கே வேண்டாம். பல ஆண்டுகளாக வாய் திறக்காதிருந்த பதிலித் தொழிலாளர்கள் அங்கே செங்கொடியின் கீழ் வந்தார்கள். தங்களை நிரந்தரமாக்க வேண்டுமென்று மனு எழுதினார்கள். கையெழுத்திட்டவர்கள் 41 பேர். மனுவையும் பெயர்ப் பட்டியலையும் தொழிலாளர் துறை அதிகாரிக்கு அனுப்புவதற்காகக் கிளைக் காரியதரிசி தமது ஈமெயிலில் ஏற்றி வைத்தார்.

அந்த ஈமெயில் எது? அவர் செல்போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. பிராவிடண்டு பண்டுக்கும் அதுதான். பாங்கிக்கும் அதுதான். பிள்ளையின் பள்ளிக்கூடத்திற்கும் அதுதான். சங்கத்திற்கும் அதுவே ஆயிற்று.

ஒரு நாள் பி.எப். சீட்டை அச்செடுக்க வேண்டியிருந்தது. ஷிப்டு முடிந்து டைம் ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த கம்ப்யூட்டரில் தமது ஈமெயிலைத் திறந்தார். சீட்டை அச்செடுத்தார். பஸ் போய்விடுமே என்ற அவசரத்தில் கணக்கை மூடாமல் வந்துவிட்டார். எட்டாம் நாள் மூன்று பதிலித் தொழிலாளர்களுக்குக் கேட்டில் பதில் வந்தது: "இப்போது வேலையில்லை, சொல்லி அனுப்புகிறோம்." அந்த மூவரும் யார்? பட்டியலில் இருந்த முதல் மூன்று பெயர்கள்!

நிர்வாகம் அந்தப் பட்டியலைப் பார்த்ததென்று எந்தக் கோர்ட்டிலும் நம்மால் நிரூபிக்க முடியாது. ஆனால் முதல் மூன்று பெயரும் வரிசை தவறாமல் கேட்டில் நிறுத்தப்பட்டது தற்செயல் என்று நம்புவதற்கு நாம் குழந்தைகள் அல்ல.

தவறு அந்தத் தோழருடையதா? நாமும் முதலில் அவரைத்தான் கடிந்துகொண்டோம். பிறகு யோசித்துப் பார்த்தோம். மனு எழுதக் கற்றுக் கொடுத்தோம். உண்டியல் கணக்கு எழுதக் கற்றுக் கொடுத்தோம். சங்கத்தின் கடிதத்தை எங்கே வைப்பது என்று கற்றுக் கொடுத்தோமா? இல்லை. ஆகவே குற்றம் நம்முடையது. அதைத் திருத்திக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

குடிசை யாருடைய மனையில்?

1974-ல் நமது மாவட்டம் அமைவதற்கு முன் அறந்தாங்கிப் பகுதி தஞ்சை ஜில்லாவில் இருந்தது. அங்குள்ள வயதான விவசாயத் தொழிலாளிகளைக் கேளுங்கள். பண்ணையாள் முறை என்றால் என்னவென்று சொல்வார்கள். குடிசைக்கு மண் குழைத்தவன் பண்ணையாள். கீற்று முடைந்தவள் அவன் மனைவி. ஆனால் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. வாடகை இல்லை, "சும்மா" இருந்துகொள் என்றான் மிராசுதார். அந்தச் "சும்மா"வின் விலை என்ன? அரைப் படி நெல் கூடக் கேட்டால், "குடிசையைக் காலி செய்" என்றான். யார் வீட்டில் இரவு கூட்டம் நடந்தது, யார் வந்து போனார்கள் என்பதெல்லாம் விடியுமுன் பண்ணை வீட்டுத் திண்ணைக்கு எட்டிவிடும்.

செங்கொடி இயக்கம் இரத்தம் சிந்திப் போராடியது. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1971-ல் குடியிருப்பு மனையைக் குடியிருப்பவனுக்கே உரிமையாக்கும் சட்டம் வந்தது. மிராசுதார் மனமிரங்கிக் கொடுத்ததல்ல, போராடிப் பெற்றது.

இன்று நமது செல்போனில் இருக்கும் ஈமெயிலும் அப்படிப்பட்ட குடிசைதான். கடிதம் நாம் எழுதியது. பெயர்கள் நமது தோழர்களின் பெயர்கள். ஆனால் மனை கம்பெனியுடையது. வாடகை இல்லை, "சும்மா" இருந்துகொள் என்கிறது கம்பெனி. தனக்கு இஷ்டமில்லாதபோது கணக்கைப் பூட்டிவிடவும் அதனால் முடியும்.

"சும்மா" கொடுப்பவனின் வரும்படி

நமது நாட்டில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் மிகப் பெரும்பாலானவை ஆண்ட்ராய்டு வகை. அதன் எஜமானன் கூகுள் கம்பெனி. புதுச் செல்லைத் திறந்ததும் கூகுள் கணக்கைக் கேட்கிறது. கணக்கில்லாமலும் தாண்டிப் போகலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் கணக்கில்லாவிட்டால் கூகுளின் செயலிக் கடை திறக்காது. ஆகவே எல்லோரும் கணக்குப் போடுகிறோம். போட்டவுடன் என்ன நடக்கிறது? நாம் சேர்த்து வைத்த போன் நம்பர்கள் அந்தக் கணக்கிற்குப் பிரதி போகின்றன. சம்மதம் என்று தொட்டுவிட்டால் படங்களும் போகின்றன. தேடியது, பார்த்த வீடியோ, வழி கேட்ட ஊர், எல்லாம் ஒரே பேரேட்டில் ஏறுகின்றன. ஈமெயிலும் அதே பேரேட்டுக்காரனிடம்தான்.

விளம்பரத்திற்காகக் கடிதங்களை ஆராய்வதை நிறுத்துவதாகக் கூகுள் 2017-ல் அறிவித்தது. சரி, கடிதத்தை விட்டுவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். உறையை விட்டானா? யாருக்கு எழுதினோம், எத்தனை மணிக்கு எழுதினோம், எந்தக் கருவியிலிருந்து எழுதினோம் என்பது அவனிடம் இருக்கிறதல்லவா? ஒரு சங்கத்தை அடையாளம் காண அது போதாதா?

இருக்குமிடத்தைக் குறிக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்த பிறகும், வேறொரு வழியாகக் கூகுள் அதைக் குறித்துக்கொண்டே இருந்ததை 2018 ஆகஸ்டில் அமெரிக்கச் செய்தி ஸ்தாபனமான அசோசியேட்டட் பிரஸ் அம்பலப்படுத்தியது. இதற்காக 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துக் கூகுள் வழக்கைத் தீர்த்துக்கொண்டது. 2025 மே மாதத்தில் டெக்சாஸ் மாநிலத்திற்கு மட்டும் 137.5 கோடி டாலர் தருவதற்கு ஒப்புக்கொண்டது. நமது நாட்டிலேயே, தனது செயலிகளை மூட்டையாகக் கட்டி எல்லாச் செல்லிலும் ஏற்றும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதற்காக, 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2023 மார்ச்சில் அப்பீல் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது.

இத்தனை அபராதத்தையும் கம்பெனி எப்படித் தாங்குகிறது? கூகுளின் தாய்க் கம்பெனிக்கு 2024-ல் வந்த வரவு சுமார் 35,000 கோடி டாலர். அதில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு விளம்பரத்தால் வந்தது. விளம்பரக்காரன் எதற்குப் பணம் கொடுக்கிறான்? இன்னார் இன்னது வாங்குவார் என்று குறிபார்த்துச் சொல்வதற்குக் கொடுக்கிறான். அந்தக் குறிக்கு வேண்டிய மூலப்பொருள் நமது வாழ்க்கை. பஞ்சுக்காவது விலை கொடுத்து வாங்குகிறான் ஆலை முதலாளி. இந்த முதலாளிக்கு மூலப்பொருளும் இலவசம்!

சர்க்கார் கையில் சாவி

கம்பெனி மட்டுமா? கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பது சர்க்காருக்குப் பழைய பழக்கம். 1885-ம் வருஷத் தந்திச் சட்டமும் 1898-ம் வருஷத் தபால் சட்டமும் வெள்ளைக்காரன் போட்டவை. அவன் போனான், அந்த அதிகாரம் போகவில்லை. 2023-ல் புதிய தபால் சட்டமும் புதிய தொலைத்தொடர்புச் சட்டமும் வந்தன. இடைமறித்துப் பார்க்கும் அதிகாரம் அவற்றிலும் பத்திரமாக இருக்கிறது. 2018 டிசம்பர் 20-ம் தேதி மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் உள்ளதையும் இடைமறிக்க, கண்காணிக்க, பூட்டவிழ்த்துப் பார்க்க 10 ஏஜென்சிகளுக்கு அதிகாரம் என்றது அந்த உத்தரவு.

ஈமெயிலை வைத்து ஒரு மனிதனை என்ன செய்ய முடியும் என்பதற்கு பீமா கோரேகாவ் வழக்கைப் பாருங்கள். ரோனா வில்சன் 2018 ஜூனில் கைது செய்யப்பட்டார். அவர் கம்ப்யூட்டரில் இருந்த கடிதங்களே ஆதாரம் என்றது போலீஸ். அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடய ஆய்வு நிறுவனம் அந்தக் கம்ப்யூட்டரின் பிரதியை ஆராய்ந்து 2021-ல் என்ன சொன்னது? 2016 ஜூனில் கவிஞர் வரவர ராவின் ஈமெயில் கணக்கிலிருந்து ஓர் இணைப்பு வந்தது. அதை வில்சன் திறந்தார். அதன் வழியே வெளியாள் உள்ளே நுழைந்து, அந்தக் கடிதங்களைத் திருட்டுத்தனமாக வைத்தான் என்று சொன்னது. கைதானவர்களில் மூவரின் ஈமெயில் கணக்குகளில், கணக்கை மீட்பதற்கென்று புனா போலீஸ் அதிகாரி ஒருவருடைய நம்பரும் ஈமெயிலும் சேர்க்கப்பட்டிருந்ததாக 2022-ல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வில்சனுக்கு ஜாமீன் கிடைத்தது 2025 ஜனவரியில். தண்டனை இல்லாமலே ஆறரை வருஷம் சிறை!

அது பம்பாய்ப் பக்கம் நடந்த வழக்கு என்று இருந்துவிட வேண்டாம். நமது மாவட்டத்து வேங்கைவயலை யார் மறப்பார்கள்? 2022 டிசம்பரில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனித மலத்தைக் கலந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது சி.பி.சி.ஐ.டி. செல்போன் படங்களும் பேச்சுகளும் ஆதாரமாகக் காட்டப்பட்டன. கோர்ட்டு விசாரிப்பதற்கு முன்பே அந்தப் பேச்சுகள் ஊரெங்கும் பரவின. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளிகளாக்குவதா என்று இடதுசாரிக் கட்சிகளும் மற்றவர்களும் சி.பி.ஐ. விசாரணை கோரினர். வழக்கின் உண்மையைக் கோர்ட்டு சொல்லட்டும். ஆனால் ஏழை தன் வீட்டாரோடு பேசிய பேச்சு எவ்வளவு சுலபமாகத் தெருவுக்கு வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்று வாதங்கள்

இதைச் சொன்னால் நமது தோழர்களிலேயே சிலர் மூன்று வாதங்கள் கூறுகிறார்கள்.

முதல் வாதம்: "நாம் திருடவில்லை, கொள்ளையடிக்கவில்லை. நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது?"

மறைக்க இருக்கிறது, தோழரே! கேட்டில் நிறுத்தப்பட்ட மூன்று பேரும் என்ன திருடினார்கள்? கூலி உயர்வு கேட்டு அடுத்த வாரம் நடவுக்கு இறங்குவதில்லை என்று எந்தெந்தத் தெரு முடிவு செய்திருக்கிறது என்பது நிலச்சொந்தக்காரனுக்கு இன்றே தெரிய வேண்டுமா? முதலாளி தன் லாபக் கணக்கை நமக்குக் காட்டுகிறானா? தனது கணக்குக்கு வியாபார இரகசியம் என்று பெயர் வைத்திருக்கிறான். நமது பட்டியலை மறைத்தால் மட்டும் அது குற்றமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். குடிசைக்குக் கதவு வைப்பவன் திருடனாகிவிட மாட்டான்.

இரண்டாவது வாதம்: "செல் இல்லாமல் இன்று பிழைக்க முடியாது. வந்தது வரட்டும்."

செல்லைக் குளத்தில் போடு என்று யார் சொன்னது? இயந்திரத்தை உடைப்பது தொழிலாளி வர்க்கத்தின் வழியல்ல. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் செயலியில் தினம் இரண்டு முறை படம் பிடித்தால்தான் வருகை என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காவிட்டால் அன்றைய கூலிக்கே ஆபத்து. இப்படிக் கண்மாய்க் கரைக்கே செல் வந்துவிட்ட பிறகு, அதை விட்டு ஓட முடியாது. பாங்கி, ரேஷன், வேலை, பிள்ளைகளோடு பேச்சு, இவற்றுக்குச் செல் இருக்கட்டும். சங்கத்தின் கடிதப் பெட்டி மட்டும் அதற்குள் இருக்க வேண்டாம். நாம் சொல்வது இவ்வளவுதான்.

மூன்றாவது வாதம்: "எப்படியும் டவர் காட்டிக் கொடுக்கிறது, சிம் கார்டு நம் பெயரில் இருக்கிறது. ஈமெயிலைத் தனியே வைத்து என்ன பயன்?"

டவர் காட்டிக் கொடுப்பது உண்மை. சர்க்கார் நமக்கென்று உத்தரவு போட்டுத் தேடினால் தனி ஈமெயில் மட்டும் காப்பாற்றாது என்பதும் உண்மை. பொய் நம்பிக்கை ஊட்டுவது நமது வேலையல்ல. ஆனால் தினசரி ஆபத்து எது? தொலைந்துபோன செல். கடனுக்கு அடகு போன செல். ரிப்பேர் கடையில் ஒரு வாரம் கிடந்த செல். மூடாமல் வந்த டைம் ஆபீஸ் கம்ப்யூட்டர். "அனுமதி" என்று தெரியாமல் தொட்டுவிட்ட ஏதோ ஒரு கடன் செயலி. இவை ஒன்றிலும் சங்கத்தின் பட்டியல் சிக்காமல் இருக்கத் தனிப் பெட்டி போதும். பெரு மழைக்குக் குடை போதாது என்பதற்காகத் தூறலிலும் நனைய வேண்டுமா?

செய்ய வேண்டியது என்ன?

ஒவ்வொரு கிளையும் கீழ்க்கண்டவற்றை நிறைவேற்றக் கோருகிறோம்.

சங்கத்திற்கென்று தனி ஈமெயில் வேண்டும். அது சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறக்கப்பட வேண்டும். காரியதரிசியின் செல்லில் அதைச் சேர்க்கக் கூடாது. செல்லில் ஏற்கெனவே இருக்கும் கணக்கிற்குக் கடிதங்கள் தானாகப் போகும்படி வைக்கவும் கூடாது. அப்படி வைத்தால் தனிப் பெட்டி வைத்ததற்கே அர்த்தமில்லை. ஒன்றை மற்றொன்றின் மீட்பு முகவரியாகவும் போட வேண்டாம். ஒரே செல்லில் இரண்டு கணக்கும் இருந்தால், இரண்டும் ஒரே ஆளுடையவை என்று கண்டுகொள்வது கம்பெனிக்குக் கஷ்டமல்ல.

விளம்பரத்தால் பிழைக்காத ஈமெயில் கம்பெனிகளும் இருக்கின்றன. சுவிட்சர்லாந்தின் புரோட்டான், ஜெர்மனியின் டூட்டா அப்படிப்பட்டவை. கொஞ்சம் இடம் இலவசமாகக் கிடைக்கும். கடிதங்களைத் தாங்களே படிக்க முடியாதபடி பூட்டி வைக்கின்றன. அவர்களும் முதலாளித்துவ நாட்டுச் சட்டத்திற்கு உட்பட்டவர்களே. 2021-ல் சுவிஸ் உத்தரவின்படி பிரெஞ்சு நாட்டுப் போராளி ஒருவரின் இணைய முகவரியைப் புரோட்டான் கொடுக்க நேர்ந்தது. ஆகவே கண்மூடி யாரையும் நம்ப வேண்டாம்.

கடவுச்சொல் காரியதரிசியிடமும் பொருளாளரிடமும் இருக்கட்டும். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, மீட்பு நம்பர் மாறியிருக்கிறதா, எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று பாருங்கள். தெரியாத கருவி இருந்தால் உடனே வெளியேற்றிக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

தோழர் பெயரிலேயே இணைப்பு வந்தாலும், "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று நேரில் கேட்டுவிட்டுத் திறவுங்கள். ரோனா வில்சனுக்கு நேர்ந்ததை நினையுங்கள்.

மில் ஆபீசிலோ பிரவுசிங் சென்டரிலோ சங்க ஈமெயிலைத் திறக்கவே வேண்டாம்.

உறுப்பினர் பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் இருக்கட்டும். 1948 முதல் 1951 வரை அடக்குமுறைக் காலத்தில் நமது முன்னோடிகளின் கடிதங்கள் கைக்குக் கை மாறித்தான் போயின. அந்த வழி இன்னும் அடைபட்டுப் போகவில்லை.

செல்லின் செட்டிங்ஸில் போய், போன் நம்பர்கள் பிரதி போவதை நிறுத்துங்கள். விளம்பர அடையாள எண்ணை நீக்குங்கள். தேவையில்லாத செயலிக்கு இருக்குமிட அனுமதியை மறுங்கள். தெரியாவிட்டால் வெட்கப்படாமல் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

தனிப் பெட்டிக்கும் வந்த ஆபத்து

இத்தோடு முடிந்ததா? இல்லை. தனிப் பெட்டி வைக்கும் உரிமைக்கே இங்கு ஆபத்து வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் சென்னைத் தனியார் பள்ளிக்கூடங்களுக்கு வெடிகுண்டு மிரட்டல் ஈமெயில் வந்தது. குழந்தைகளை வைத்து அப்படி மிரட்டியவன் பிடிபட வேண்டும், தண்டிக்கப்பட வேண்டும். அதில் நமக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் தமிழ்நாடு போலீஸ் என்ன கேட்டது? ஈமெயில் புரோட்டான் வழியே வந்ததால், புரோட்டானையே நாடு முழுவதும் தடை செய்யக் கேட்டது! மத்திய சர்க்காரும் அதற்கான நடவடிக்கையில் இறங்கியது. சுவிஸ் அதிகாரிகள் தலையிட்டார்கள். அப்போது தடை நின்றது. 2025 ஏப்ரலில் வேறொரு வழக்கில், தடை நடவடிக்கையைத் தொடங்கும்படி கர்நாடக ஹைகோர்ட்டு மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது.

மொட்டைக் கடிதம் தபாலில் வந்தது என்பதற்காகத் தபாலாபீசை யாராவது மூடுவார்களா? பஸ்ஸில் ஒருவன் ஜேப்படி செய்தால் பஸ்ஸையே நிறுத்துவார்களா? குற்றவாளியைத் தேடுவது போலீசின் கடமை. அந்தக் கடமையைச் செய்ய வகையில்லாமல், பூட்டுப் போட்ட கடிதப் பெட்டியையே ஒழித்துவிட வேண்டும் என்பது ஜனநாயகத்திற்கு விரோதமானது. எல்லோரும் கம்பெனி மனையிலேயே குடியிருக்க வேண்டும், வேண்டும்போது கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதன் உட்பொருள்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. அதன் 17-ம் பிரிவு, சர்க்கார் விரும்பும் தன் ஏஜென்சிகளுக்கு விலக்குக் கொடுக்க வழி செய்கிறது. வேலிக்குப் பயிரை மேய விலக்கு!

ஆகவே நாம் கோருவது இதுதான்: சர்க்கார் ஏஜென்சிகளுக்கு அளிக்கும் விலக்கை ரத்து செய்! நீதிபதியின் உத்தரவில்லாமல் எவருடைய கடிதத்தையும் பிரிக்காதே! கணக்குப் போடாமலே செல்லை முழுதும் பயன்படுத்தும் உரிமையைச் சட்டமாக்கு! சங்கத்தில் சேர்ந்தவர்களைக் கண்டுபிடிக்கத் தொழிலாளியின் செல்லையும் ஈமெயிலையும் துருவும் முதலாளிக்குத் தண்டனை கொடு!

இந்தக் கோரிக்கைகள் ஒரே நாளில் கிடைத்துவிடா. மிராசுதாரின் மனையிலிருந்து நமது மனைக்கு வர எத்தனை வருஷம் ஆயிற்று! ஆனால் சங்கக் கடிதத்தைத் தனிப் பெட்டிக்கு மாற்ற எந்தச் சட்டமும் வர வேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கேட்டில் நிறுத்தப்பட்ட மூன்று தோழர்களுக்காகவும் வழக்குத் தொடுத்திருக்கிறோம். அவர்கள் வீட்டு அடுப்பு அணையாமலிருக்க ஆலைத் தோழர்கள் வாரந்தோறும் உண்டியல் வசூலிக்கிறார்கள். பட்டியலில் இருந்த மற்ற 38 பேரில் ஒருவர்கூடக் கையெழுத்தை வாபஸ் வாங்கவில்லை. புதிய மனு தயாராகிவிட்டது. இந்தத் தடவை அது எந்தச் செல்லிலும் இல்லை.

ஒன்றுபடுவோம்! நமது கடிதத்தை நாமே காப்போம்!